மை பூசினால் மரியாதை வந்துவிடுமா?

1984ஆம் வருடம், ஜூலை மாதம். தமிழ் காமிக்ஸ் ரசிகர்கள் மறக்க முடியாத மாதம். சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸின் முதல் இதழ் வந்தது. அதே மாதம் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸின் முதல் இதழும் வந்தது. லயனின் முதல் கதை 'கத்தி முனையில் மாடஸ்டி'. ராணியின் முதல் கதை ஜேம்ஸ் பாண்ட் வரும் 'அழகியைத் தேடி'.

இரண்டு தலைப்பையும் இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். ஒன்றில் பெண்ணுக்குப் பெயர் இருக்கிறது. இன்னொன்றில் அவள் வெறும் 'அழகி'. ஒன்றில் ஆபத்து அவளுடையது, சண்டையும் அவளுடையது. இன்னொன்றில் அவள் யாரோ ஒரு ஆண் தேடிப்போகிற பொருள். யாரும் திட்டம் போட்டு வைத்த தலைப்புகள் இல்லை, தற்செயல்தான். ஆனால் காமிக்ஸில் பெண்ணின் அழகு பற்றி நாற்பது வருடமாக நடக்கிற சண்டை முழுக்க இந்த இரண்டு தலைப்புக்குள் அடங்கிவிடுகிறது.

பாளையம்பட்டிக்கும் சிவகாசிக்கும் ரொம்ப தூரமில்லை. அன்றைக்கு இரண்டுமே ராமநாதபுரம் மாவட்டம், இன்றைக்கு விருதுநகர் மாவட்டம். வானம் பார்த்த பூமி, சீமைக்கருவேலம், தறிச்சத்தம். இந்தக் காய்ந்த பூமியில் தட்டுப்பாடே இல்லாமல் விளைவது ஒன்று உண்டென்றால் அது அச்சடித்த படம்தான். காலண்டர், தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டி, காமிக்ஸ் எல்லாம் சிவகாசியில் அச்சாகிறது. சுவரில் தொங்குகிற காலண்டரில் லட்சுமி. பட்டாசுப் பெட்டி மேல் யாரென்றே தெரியாத ஒரு பெண், எதற்கென்றே தெரியாமல் சிரித்துக்கொண்டிருப்பாள். பெண்ணை எப்படிப் பார்ப்பது என்று இந்தப் பக்கத்துப் பையன் காலேஜுக்குப் போய்க் கற்றுக்கொள்வதில்லை. அதற்கு ரொம்ப முன்னாலேயே பட்டாசுப் பெட்டி சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். சூப்பர் ஹீரோ காமிக்ஸில் வரும் பெண்கள் அழகாக இருப்பது தப்பா? அழகாகக் காட்டுவதற்கும் போகப்பொருளாகக் காட்டுவதற்கும் கோடு எங்கே? இந்தக் கேள்வி வந்ததும் இரண்டு கோஷ்டி வரிந்து கட்டிக்கொண்டு வரும்.

முதல் கோஷ்டி கலாசாரக் காவலர்கள். இவர்களுடைய பதில் ரொம்ப எளிது: மூடு. தமிழ் காமிக்ஸ் படித்தவர்களுக்கு மை பூசின கட்டங்கள் புதிதல்ல. வெளிநாட்டு ஓவியர் வரைந்த பெண்ணின் தோளிலும் காலிலும் இங்கே கறுப்பு மை ஏறும், நீச்சலுடை திடீரென்று முழங்கால் வரை நீளும். கதையில் ஒரு எழுத்து மாறாது. கதை அவளை எப்படி நடத்துகிறது என்பதும் மாறாது. மை ஏறிவிட்டதா, கண்ணியம் வந்துவிட்டது. முடிந்தது கதை.

இரண்டாவது கோஷ்டி தீவிர ரசிகர்கள். "படம்தானே பாஸ், இதுக்குப் போயா? ஆம்பளைங்களையும்தான் கட்டுமஸ்தா, இறுக்கமான டிரஸ்ல வரையுறாங்க. அதை யாராவது கேட்டீங்களா?" என்பது இவர்கள் கட்சி. இன்னும் கொஞ்சம் படித்த ரசிகராக இருந்தால் "நம்ம கோயில் சிற்பத்துல இல்லாததா?" என்று ஒரு பிரம்மாஸ்திரத்தையும் எடுத்து விடுவார்.

இரண்டு கோஷ்டிக்கும் ஜென்மப் பகை என்று நினைக்காதீர்கள். இருவரும் பார்ப்பது ஒரே இடத்தைத்தான். ஒருவர் துணி போதவில்லை என்கிறார், மற்றவர் போதும் என்கிறார். அந்தத் துணிக்குள் ஒரு ஆள் இருக்கிறாளே, அவளுக்குக் கதையில் என்ன வேலை என்று இருவருமே கேட்பதில்லை.

முதலில் மை பூசுகிறவர்களுக்கு.

1954இல் அமெரிக்காவில் இதே மை வேலை பெரிய அளவில் நடந்தது. காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தம் புத்தகம் எழுத, செனட் விசாரணை வரைக்கும் போக, பதிப்பாளர்கள் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். பெண்களின் உடல் அம்சங்களை மிகைப்படுத்தாமல் வரைய வேண்டும் என்பதும் அதில் ஒரு விதி. நல்ல விதிதானே? அதற்குப் பிறகு பெண்களுக்கு மரியாதை வந்துவிட்டதா? 1958இல் லோயிஸ் லேனுக்கென்று தனியாக ஒரு காமிக்ஸ் தொடங்கினார்கள். பெயர் என்ன தெரியுமா? 'சூப்பர்மேனின் கேர்ள் ஃப்ரெண்ட் லோயிஸ் லேன்'. அவள் பத்திரிகை நிருபர், கெட்டிக்காரி. ஆனால் அவள் பெயரில் வருகிற புத்தகத்தின் தலைப்பிலேயே அவள் இன்னொருத்தனின் கேர்ள் ஃப்ரெண்ட். சூப்பர்மேனை எப்படிக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைப்பது என்பதே கதைக்குக் கதை அவளுக்குப் பிழைப்பு. 1974 வரைக்கும் இப்படி ஓடியது. உடம்பு முழுக்கத் துணி இருந்தது, அவளுக்கென்று ஒரு வாழ்க்கைதான் இல்லை.

இந்தியச் சட்டத்திலும் இதே குழப்பம்தான். பெண்களை அநாகரிகமாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் சட்டம் 1986இல் வந்தது. பெண்ணின் உருவத்தை அவளை இழிவுபடுத்தும்படி காட்டுவதும் குற்றம், பொது ஒழுக்கத்தைக் கெடுக்கும்படி காட்டுவதும் குற்றம் என்று இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டார்கள். இழிவு என்பது அவளுக்கு நடக்கிற அநியாயம். ஒழுக்கம் என்பது பார்க்கிறவனுடைய பிரச்சினை. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் கடைசியில் யார் தலையில் விடியும்? 2005இல் அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளில் உடைக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஜீன்ஸ் கூடாது, டி-ஷர்ட் கூடாது, ஸ்லீவ்லெஸ் கூடாது. விதி காகிதத்தில் எல்லோருக்கும் பொதுதான். ஆனால் நடைமுறையில் வாசலில் நிறுத்தித் துப்பட்டாவைச் சரிபார்க்கிற கண்கள் யாரை அளக்கும் என்பது படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். காமிக்ஸில் மை பூசுகிற கையும் துப்பட்டாவைச் சரிசெய்யச் சொல்கிற வாயும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன. பெண்ணைப் போகப்பொருளாகப் பார்க்காதே என்று பார்க்கிறவனிடம் சொல்ல வேண்டியதை, நீ போகப்பொருளாகத் தெரியாதே என்று அவளிடம் திருப்பிச் சொல்வதற்குப் பெயர் பெண் மரியாதை இல்லை.

அடுத்தது ரசிகப் பெருமக்களுக்கு.

"ஆண்களையும்தான் அப்படி வரைகிறார்கள்" என்ற வாதத்துக்கு வெளிநாட்டில் பதில் தேட வேண்டாம். ஊர் எல்லைக்குப் போங்கள். அய்யனார் இருப்பார், பக்கத்தில் கருப்பசாமி நிற்பார். முறுக்கு மீசை, உருட்டு விழி, தூண் மாதிரித் தொடை, கையில் அரிவாள். அந்த உடம்பை மிகைப்படுத்தித்தான் செய்திருக்கிறார்கள், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அதைப் பார்த்து ஜொள்ளு விடுவதற்கா செய்தார்கள்? பார்க்கிறவன் பயப்பட வேண்டும், அந்த பலம் தனக்குத் துணையாக வேண்டும் என்று கும்பிட வேண்டும். அதற்காகச் செய்தது. பேட்மேனின் தோளும் சூப்பர்மேனின் மார்பும் அந்த ஜாதி மிகைதான். பையன் அதைப் பார்த்து 'நானும் இப்படி ஆகணும்' என்று நினைக்கிறான். பெண்ணின் படத்தில் இருக்கிற மிகை அவள் பலத்தைக் கூட்டுவதில்லை. வாசகனின் வசதியைத்தான் கூட்டுகிறது. ஒன்று ஆண் தனக்காகக் காண்கிற கனவு, இன்னொன்று ஆண் அவளைப் பற்றிக் காண்கிற கனவு. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் தராசுதான் பொய்.

சந்தேகமா? 2012இல் இணையத்தில் 'ஹாக்ஐ இனிஷியேடிவ்' என்று ஒரு கூத்து நடந்தது. காமிக்ஸ் அட்டைகளில் பெண் நாயகிகள் நிற்கிற அதே போஸில் ஹாக்ஐ என்கிற ஆண் நாயகனை வரைந்து போட்டார்கள். இடுப்பு ஒரு பக்கம், மார்பு ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதுகெலும்பு முறிந்தால் ஒழிய யாராலும் அப்படி நிற்க முடியாது. ஆண் நின்றால் சிரிப்பு, பெண் நின்றால் 'செம ஸ்டைல்' என்றால், 'ஆண்களையும்தான்' என்கிற வாதம் அங்கேயே செத்துவிட்டது. 2014இல் மார்வெல் தன் ஸ்பைடர்-உமன் முதல் இதழுக்கு மிலோ மனாராவை வைத்து ஒரு மாற்று அட்டை வரைந்து வெளியிட்டபோதும் இதுதான் பிரச்சினை. அவள் உடம்பில் துணி கழுத்திலிருந்து கால் வரை இருந்தது. ஆனால் கட்டட உச்சியில் ஏறுகிறவள், ஏறுவதற்காகக் குனிந்திருக்கவில்லை. பார்க்கிறவருக்காகக் குனிந்திருந்தாள். மை பூசுகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். முழுக்க மூடியிருந்தும் போகப்பொருளாக்க முடியும்.

கோயில் சிற்பம் என்கிற பிரம்மாஸ்திரம்? தாராளமாக வாருங்கள், மாமல்லபுரத்துக்கே போவோம். மகிஷாசுரமர்த்தினி குகையில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி செதுக்கிய துர்க்கை இருக்கிறாள். சிங்கத்தின் மேல் இருக்கிறாள், எட்டுக் கை, வில் வளைந்திருக்கிறது. உடம்பில் துணி கொஞ்சம்தான். அழகி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சுவரின் முன்னால் நிற்கிறவன் கண் எங்கே போகிறது? வில்லுக்குப் போகிறது, அங்கிருந்து எதிரே பின்வாங்குகிற எருமைத் தலையனுக்குப் போகிறது. கதாயுதம் வைத்திருக்கிற அந்த மலை மாதிரி உடம்பு பின்னுக்குச் சாய்கிறது, மெல்லிய இடுப்புக்காரி முன்னுக்குப் பாய்கிறாள். அவள் உடம்பின் ஒவ்வொரு வளைவும் அந்த அம்பை விடுவதற்காகவே வளைந்திருக்கிறது. ஆக, சிற்பம் ரசிகர்கள் கட்சிக்குச் சாட்சி சொல்லவில்லை, எதிராகத்தான் சொல்கிறது. காவலர்கள் கட்சிக்கும் எதிராகச் சொல்கிறது. துணி குறைவு, மரியாதை முழுசு.

அப்படியானால் கோடு எங்கே?

தத்துவப் பேராசிரியர் மார்த்தா நுஸ்பாம் 1995இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில், ஒரு மனிதரைப் பொருளாக நடத்துவதற்கு ஏழு அடையாளங்களைச் சொன்னார். கருவியாகப் பயன்படுத்துவது, சுயவிருப்பம் இல்லை என்று வைத்துக்கொள்வது, அவர் இல்லாவிட்டால் இன்னொருவர் என்று மாற்றிக்கொள்வது, அவர் உணர்ச்சியைக் கணக்கில் எடுக்காதது என்று போகும் அந்தப் பட்டியல். அதில் 'அழகாக இருப்பது' இல்லை. கவனியுங்கள், இல்லவே இல்லை. காமிக்ஸ் எழுத்தாளர் கெல்லி சூ டிகானிக் இதையே எளிமையாக்கி ஒரு சோதனை சொன்னார்: கதையில் வரும் பெண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கவர்ச்சியான விளக்கை வைத்தாலும் கதை அப்படியே ஓடினால், எழுதினவர் திரும்ப உட்கார்ந்து எழுத வேண்டும்.

நம்மூருக்கு அதைக் குத்துவிளக்கு என்று வைத்துக்கொள்ளலாம். வில்லன் குத்துவிளக்கைக் கடத்துகிறான். ஹீரோ பல்லைக் கடித்துக்கொண்டு பத்துப் பேரை அடித்துப்போட்டு, குத்துவிளக்கை மீட்டு, கடைசிக் கட்டத்தில் கட்டிப்பிடித்துக்கொள்கிறான். கதையில் ஏதாவது குறைந்ததா? சிலைக் கடத்தல் கேஸ் மாதிரி ஆகிவிட்டதே தவிர, ஒன்றும் குறையவில்லை. அப்படியானால் அவள் அங்கே கதாபாத்திரமாக இல்லை, சாமான். அவள் பட்டுப்புடவை கட்டியிருந்தாலும் சாமான்தான், பிகினியில் இருந்தாலும் சாமான்தான்.

இந்தச் சோதனையை வைத்துப் பழைய வழக்குகளைத் திரும்ப விசாரிக்கலாம்.

மாடஸ்டி பிளைசி. 1963 மே மாதம் லண்டன் ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகையில் பிறந்தவள். எழுத்து பீட்டர் ஓ'டொனல், ஓவியம் ஜிம் ஹோல்டவே. பெயருக்கு அர்த்தம் 'அடக்கம்'. என்ன குசும்பு பாருங்கள். யுத்தத்தில் அனாதையாகி, அகதி முகாம்களில் அலைந்து, ஒரு குற்றக் கும்பலுக்கே தலைவியாகி, பணம் சேர்த்து ஓய்வு பெற்றபின் சாகசத்துக்குத் திரும்பியவள். அவளுடைய தந்திரங்களில் 'நெய்லர்' என்று ஒன்று உண்டு. எதிரிகள் இருக்கிற அறைக்குள் மேலாடை இல்லாமல் நுழைவாள். அவர்கள் வாய் பிளந்து நிற்கிற ஓரிரு விநாடிக்குள் வில்லி கார்வினும் அவளும் வேலையை முடித்துவிடுவார்கள். இது போகப்பொருளாக்கம்தானே என்று கேட்டால், நேர்மையாகச் சொல்ல வேண்டிய பதில் இரண்டு. பத்திரிகை விற்க அந்தக் கட்டம் உதவியிருக்கும், அதை மறைக்க வேண்டாம். ஆனால் கதைக்குள் அந்தப் பார்வையைக் கத்தியாகத் தீட்டி வைத்திருப்பவள் அவள். வெறிக்கிறவன் அடிபடுகிறான். குத்துவிளக்கை வைத்துப் பாருங்கள், கதை முதல் பக்கத்திலேயே படுத்துவிடும். கூடவே இன்னொன்று. வில்லி அவளை 'இளவரசி' என்று கூப்பிடுகிறான், உயிரைக் கொடுக்கத் தயாராக இருக்கிறான். 2001இல் தொடர் முடிகிறவரை இருவரும் காதலர்கள் ஆகவே இல்லை. அழகான ஒருத்தியோடு ஒரு ஆண் முப்பத்தெட்டு வருடம் மரியாதையாகப் பழகினான் என்பதே எத்தனையோ பையன்களுக்குப் பாடம்.

வொண்டர் உமன். 1941இல் வந்தவள். 1972 ஜூலையில் குளோரியா ஸ்டைனம் குழுவினரின் 'மிஸ்' பத்திரிகை, பெண்ணிய இதழ், அவளைத்தான் அட்டையில் போட்டது. 2016 அக்டோபரில் பெண்கள் முன்னேற்றத்துக்கான கௌரவத் தூதராக ஐ.நா. அவளை அறிவித்தபோது, ஐ.நா. ஊழியர்களே எதிர்த்தார்கள். சுமார் 45,000 பேர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். டிசம்பரிலேயே அந்தப் பதவி முடிவுக்கு வந்தது. மனுவில் அவள் மார்பளவும் உடையும் பேசப்பட்டன. அதே நபர், ஒரு தலைமுறைக்குக் கொடி, இன்னொரு தலைமுறைக்கு அவமானம். இதில் ஊழியர்கள் சொன்னதில் நியாயமான பாதி ஒன்று உண்டு: ரத்தமும் சதையுமான பெண்கள் இத்தனை பேர் இருக்க, எதற்கு ஒரு கார்ட்டூன்? அந்தக் கேள்வி போதும். உடையை இழுத்ததும் வாதம் பலவீனமாகிவிட்டது. ஏனென்றால் அவளுடைய ஆரம்பகாலக் கதைகளில் உண்மையிலேயே உறுத்துகிற விஷயம் உடை இல்லை, எடுத்ததற்கெல்லாம் அவளைச் சங்கிலியால் கட்டிப்போட்டதுதான்.

பார்பரா கார்டன், அதாவது பேட்கேர்ள். 1988இல் வந்த 'தி கில்லிங் ஜோக்' கதையில் ஜோக்கர் அவளைச் சுட்டு முடமாக்குகிறான். எதற்கு? அவள் அப்பாவைப் பைத்தியமாக்க. அவள் வலி அவளுடைய கதையாக இல்லை, அப்பாவுக்கும் பேட்மேனுக்கும் நடுவில் வீசப்பட்ட கல். அதுதான் பொருளாக்கம், அதன் மோசமான வடிவம். அடுத்த வருடம் ஜான் ஆஸ்ட்ரேண்டரும் கிம் யேலும் அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கணினி வழியாகத் தகவல் திரட்டுகிற 'ஆரக்கிள்' ஆக்கினார்கள். இறுக்கமான உடையும் இல்லை, எகிறிக் குதிப்பதும் இல்லை, ஆனால் அவள் இல்லாமல் மற்றவர்களுக்குக் கண் தெரியாது. பொருளாக்கினதும் எழுத்துதான், ஆளாக்கினதும் எழுத்துதான்.

இன்னும் பக்கத்தில் ஒரு உதாரணம் வேண்டுமா? 2019இல் வந்த 'ஹீரோ' படத்தில் சிவகார்த்திகேயன் முகமூடி போட்டார், கல்யாணி பிரியதர்ஷன் ஜோடி. 2025இல் மலையாளத்தில் வந்த 'லோகா' படத்தில் அதே கல்யாணிதான் சூப்பர் ஹீரோ, கள்ளியங்காட்டு நீலியின் கதையைத் தோளில் சுமந்தவர். படம் மலையாளத்தின் பெரிய வசூல் வெற்றிகளில் ஒன்றானது. முதல் படத்திலும் அவர் அழகுதான், இரண்டாவதிலும் அழகுதான். முகம் மாறவில்லை, கதையில் கிடைத்த இடம் மாறியது. "பெண்ணை வைத்து எடுத்தால் யார் பார்ப்பார்கள்" என்கிற மார்க்கெட் வாதத்தையும் இங்கேயே அடக்கம் செய்துவிடலாம்.

இதெல்லாம் பொழுதுபோகாத விவாதம் என்று நினைப்பவர்கள் ஒரு நிமிடம் பாளையம்பட்டிக்குத் திரும்ப வேண்டும். ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் கையில் காமிக்ஸ். தங்கை கேட்டால் "இதெல்லாம் பசங்க படிக்கிறது" என்று பதில் வருகிறது. ஏன் பசங்க படிக்கிறது? ஒரு பக்கம், வரைகிறவர் பெண் வாசகி என்று ஒருத்தி இருப்பதாகவே நினைக்காமல் பையன் கண்ணுக்கே வரைந்து தள்ளினார். இன்னொரு பக்கம், ஊர் அந்தப் படத்தைக் காட்டியே புத்தகத்தை அவள் கையிலிருந்து பிடுங்கியது. இரண்டு பேரும் சேர்ந்து அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு புத்தகத்தை மட்டும் இல்லை. சுவர் ஏறுகிற, குறி பார்க்கிற, கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிற ஒரு பெண்ணைப் பார்த்து "நானும் இப்படி ஆகணும்" என்று நினைக்கிற வாய்ப்பை எடுத்துக்கொண்டார்கள். அண்ணனுக்குக் கருப்பசாமி முதல் பேட்மேன் வரை எத்தனை பேர். தங்கைக்குப் பட்டாசுப் பெட்டி மேல் சிரிக்கிறவள் மட்டும்தானா?

அதே தங்கை திருவிழா அன்றைக்கு மல்லிகைப்பூ வைத்து, வளையல் அடுக்கி, கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நிற்பாள். அழகாக இருக்க அவளுக்குப் பிடித்திருக்கிறது. அதில் ஒரு தப்பும் இல்லை. அவள் யாருக்கும் சாமான் ஆகிவிடவில்லை. காமிக்ஸில் வருகிறவளுக்கும் அதே உரிமைதான். பெண்கள் அழகாக இருக்கக்கூடாது என்று யாரும் கேட்கவில்லை. அழகைத் தவிர ஒன்றுமே கொடுக்காமல் விட்டதைத்தான் கேட்கிறார்கள்.

ஆகவே மை பூசுகிறவர்கள் தூரிகையைக் கீழே வைக்கலாம். அது வாசகன் கண்ணைத் திருத்தாது, அவள் கதையையும் திருத்தாது. ரசிகர்கள் 'படம்தானே' என்பதை நிறுத்திவிட்டு, அடுத்த இதழை எடுத்ததும் அவள் இடத்தில் ஒரு குத்துவிளக்கை வைத்துப் பார்க்கலாம். கதை நின்றுபோனால் சந்தோஷமாகப் படியுங்கள், அவள் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. கதை பாட்டுக்கு ஓடினால், காசு கொடுத்து வாங்கியது காமிக்ஸ் இல்லை, பட்டாசுப் பெட்டி. அதுவும் உள்ளே மருந்து இல்லாத பெட்டி.